எதைப் பார்த்து எழுதினீர்கள்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் சங்க நூலகத்துக்குப் போனால் என்னை நிம்மதியாகப் பத்திரிகை படிக்க விடுவதில்லை. யாராவது ஒருவர் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "சார், பையனுக்கு ஒரு செகண்ட் ஹேண்ட் கார் பார்த்திருக்கோம். ரிப்போர்ட்டெல்லாம் இருக்கு. ஒரு பார்வை பார்த்துச் சொல்லுங்களேன்" என்பார். முன்பெல்லாம் மடித்த காகிதத்தை நீட்டுவார்கள். இப்போது கைபேசியை நீட்டுகிறார்கள். பச்சை டிக் அடித்த நீண்ட பட்டியல் ஓடும். கடைசியில் ஒரு விலை இருக்கும். "நம்பலாமா?" என்பதுதான் கேள்வி.

இதைக் கவனித்த நம் ஆசிரியர், "ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை எல்லாருக்குமாக எழுதிவிடுங்களேன்" என்றார். எழுதிப் பழக்கமில்லாதவன் நான். என் தொழிலில் எழுதியதெல்லாம் ரிப்போர்ட்டுகள்தான். அவற்றை விரும்பிப் படித்தவர் எவரும் இருந்ததாக நினைவில்லை.

மோட்டார் சர்வேயராக 1984 முதல் 2016 வரை இந்த மும்பையில் வேலை பார்த்தேன். சர்வேயர் என்றதும் ஊர்ப்பக்கம் நிலம் அளப்பவர் என்றே நினைப்பார்கள். என் மாமனார் கடைசிவரை அப்படித்தான் நினைத்தார். "பம்பாயில் அளக்க அவ்வளவு நிலம் ஏது மாப்பிள்ளை?" என்று ஒருமுறை கேட்டார். உண்மையில் எங்கள் வேலை, விபத்தில் அடிபட்ட வண்டிக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று மதிப்பிட்டு எழுதித் தருவது. 1938-ஆம் ஆண்டு இன்ஷூரன்ஸ் சட்டத்தில் 64 யு.எம். என்று ஒரு பிரிவு இருக்கிறது. குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட நஷ்ட ஈடு என்றால், உரிமம் பெற்ற சர்வேயரின் அறிக்கை வேண்டும் என்பது அதன் சாரம். இதோடு, பழைய வண்டிக்குக் கடன் கொடுக்கும் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் விலை மதிப்பீடு கேட்டு எங்களிடம் வருவதுண்டு. அது தனி வேலை, கூலியும் குறைவு. அந்தக் குறைந்த கூலி வேலையில்தான் நான் வாழ்க்கையிலேயே பெரிய தவறைச் செய்தேன். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்வது சரியாக இராது.

2005 ஜூலை 26 நம்மில் பலருக்கு மறக்காது. சாந்தாகுருஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. குர்லா, கலீனா பக்கமெல்லாம் மித்தி ஆறு சாலைக்கு வந்துவிட்டது. தண்ணீர் வடிந்த பிறகு தெருத் தெருவாகக் கார்கள் சேறு பூசிய எருமைகள் மாதிரி நின்றன. அடுத்த மூன்று மாதம் எங்களுக்குத் தூக்கமில்லை. பார்த்த வண்டிகளில் பலவற்றை 'முழு நஷ்டம்' என்று எழுதினோம். பழுதுபார்க்கும் செலவு, பாலிசியில் உள்ள மதிப்பில் நூற்றுக்கு 75-ஐத் தாண்டினால் அப்படித்தான் எழுத வேண்டும். பணம் வண்டிக்காரருக்குப் போகும். வண்டி காயலான் கடை விலைக்குப் போகும். அப்படிப் போன வண்டிகள் எல்லாமே உடைக்கப்பட்டனவா என்றால், இல்லை. கழுவி, காயவைத்து, புது சீட் கவர் மாட்டி மறுபடியும் சந்தைக்கு வந்தவை உண்டு. இது எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும்தான் ஏமாந்தேன்.

2006 பிப்ரவரியில் தாராவியில் இருந்த ஓர் அண்ணாச்சி என்னிடம் வந்தார். ஆலங்குளம் பக்கத்துக்காரர். பதினைந்து வருடம் பிறர் வண்டி ஓட்டியவர், சொந்தமாக ஒரு டூரிஸ்ட் கார் வாங்க ஆசைப்பட்டார். நான்கு வயதான டீசல் கார், விலை 2,10,000 ரூபாய். ஒன்றரை லட்சம் நிதி நிறுவனம் தரும். மிச்சம் 60,000-க்கு மனைவியின் சங்கிலியை அடகு வைத்திருந்தார். நிதி நிறுவனம் மதிப்பீட்டு ரிப்போர்ட் கேட்டது. "சார், நீங்க பாத்து ஒரு வார்த்த சொன்னாப் போதும். எனக்கு வேற ஒண்ணும் தெரியாது" என்றார்.

நான் போனபோது மாலை ஆறரை மணி. இரண்டு விபத்து வண்டிகளைப் பார்த்து முடித்துவிட்டு, மூன்றாவதாக அந்தத் தரகரின் யார்டுக்குப் போனேன். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. எஞ்சினை எனக்கு முன்பே ஓடவிட்டு வைத்திருந்தார்கள். உள்ளே மல்லிகை சென்ட் வாசனை தூக்கியடித்தது. பெயின்ட் பளபளத்தது. சேஸிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்து எடுத்தேன், ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிட்டேன், சரியாக இருந்தது. கார்ப்பெட்டைத் தூக்கவில்லை. ரிப்போர்ட்டில் 'பொது நிலை: நன்று' என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பதினைந்து நிமிட வேலை. 300 ரூபாய் வாங்கினேன்.

ஜூன் மாதம் ஒரு நள்ளிரவில், ஐந்து பயணிகளோடு கண்டாலா காட் ஏறிக்கொண்டிருந்தபோது அந்தக் காரின் விளக்குகள் மொத்தமாக அணைந்துபோயின. மழை. பின்னால் லாரிகள். அண்ணாச்சி எப்படியோ ஓரம் கட்டி, பயணிகளை இறக்கிப் பாறை ஓரமாக நிற்கவைத்துவிட்டு, வெள்ளைத் துண்டை ஆட்டிக்கொண்டு விடியும்வரை சாலையில் நின்றிருக்கிறார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அது அவருடைய சாமர்த்தியம். என் ரிப்போர்ட்டின் புண்ணியம் அல்ல.

மறுநாள் மாலை என் வீட்டுக்கு வந்தார். சத்தம் போடவில்லை. பிளாஸ்டிக் உறையிலிருந்து என் ரிப்போர்ட்டை எடுத்து மேஜையில் வைத்தார். "இதுல வண்டி நல்லாருக்குன்னு எழுதியிருக்கியளாம். பையன் வாசிச்சுச் சொன்னான். எதப் பாத்து சார் எழுதுனிய?" என்றார்.

என்னிடம் பதில் இல்லை.

இருவருமாகப் போய் அந்தக் காரைப் பிரித்துப் பார்த்தோம். கார்ப்பெட்டுக்கு அடியில் மாவு மாதிரி உலர்ந்த வண்டல். சீட் தண்டவாளங்களில் துரு. வயர்கள் சேரும் இடங்களில் பச்சை பூத்திருந்தது. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தபோது, சுருளுக்குள் இருந்த அந்தக் கடைசி ஒரு முழம் சேற்று நிறத்தில் வந்தது. வெளியே தெரியும் பகுதியைத் துவைத்தவர்கள் உள்ளே சுருண்டிருந்ததைத் துவைக்கவில்லை. பெல்ட்டை இழுத்துப் பார்க்க எனக்கு ஐந்து வினாடி ஆகியிருக்கும்.

தரகர் யார்டைக் காலி செய்திருந்தார். நிதி நிறுவனம், தவணை தவணைதான் என்றது. வயரிங் முழுவதையும் மாற்றிய செலவில் பாதியை நான் கொடுத்தேன். முதலில் வாங்க மறுத்தார். அதற்கு மேல் என்னால் செய்ய முடிந்தது, முதல் ரிப்போர்ட் தவறு என்று இரண்டாவதாக ஒரு ரிப்போர்ட் எழுதி நிதி நிறுவனத்துக்கு அனுப்பியதுதான். அது எந்தக் கோப்பில் போய்ச் சேர்ந்ததோ. இரண்டு வருடத்தில் வண்டியை நஷ்டத்துக்கு விற்றுவிட்டு அண்ணாச்சி மறுபடியும் பிறர் வண்டி ஓட்டப் போனார்.

அதற்குப் பிறகு நான் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் 'எதைப் பார்த்து?' என்ற கேள்வியை எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். உங்கள் கையில் வரும் எந்த ரிப்போர்ட்டையும் அதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்.

'பெயின்ட் நன்று' என்று ஒரு ரிப்போர்ட் சொன்னால் அது அபிப்பிராயம். 'பெயின்ட் கனம் பார்க்கும் கருவியில் பானெட் 120 மைக்ரான், இடது முன்கதவு 640 மைக்ரான்' என்று சொன்னால் அது சாட்சி. தொழிற்சாலைப் பெயின்ட் சாதாரணமாக 100 முதல் 150 மைக்ரான் வரை இருக்கும். அதைப்போல நாலைந்து மடங்கு காட்டினால் உள்ளே பட்டி பூசியிருக்கிறது, கதவு அடிபட்டிருக்கிறது. அடிபட்டது குற்றமல்ல. இந்த ஊர் டிராஃபிக்கில் கீறல் படாத கார் ஷோரூமில்தான் இருக்கும். எங்கே, எவ்வளவு என்று எழுதியிருக்கிறதா என்பதுதான் விஷயம்.

கிலோமீட்டர் கணக்கும் அப்படித்தான். மீட்டரில் 28,000 என்று காட்டுவதை அப்படியே நகல் எடுத்து எழுதச் சர்வேயர் எதற்கு? மீட்டரைத் திருப்பிவைப்பது பழைய வித்தை. மின்னணு மீட்டர் வந்த பிறகும் அந்த வித்தை சாகவில்லை. டயரின் பக்கவாட்டில் கடைசியாக நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. 2016-இல் வாங்கிய கார், ஓடியது 28,000 என்கிறார்கள். ஆனால் நான்கு டயரும் 2019-இல் செய்தவை என்றால், மூன்று வருடத்துக்குள் முதல் டயர்கள் தேய்ந்தது எப்படி? பிரேக் பெடலின் ரப்பர் வழுக்கையாகி இருக்கிறதா? கம்பெனி சர்வீஸ் பில்களில் எழுதிய கிலோமீட்டர் வரிசையாக ஏறுகிறதா, நடுவில் இறங்குகிறதா? மீட்டரின் எண்ணோடு இவற்றையும் ஒப்பிட்டு, 'ஒத்துப்போகிறது' அல்லது 'ஒத்துப்போகவில்லை' என்று எழுதியவர்தான் வண்டியைப் பார்த்தவர்.

வண்டியின் அடையாளம் முதலில் நிலைநாட்டப்பட வேண்டும். சேஸிஸ் எண்ணில் 17 எழுத்தும் எண்ணும் கலந்திருக்கும். இதில் ஐ, ஓ, க்யூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் வரவே வராது. ஒன்று, பூஜ்யம் ஆகியவற்றோடு குழம்பக்கூடாது என்பதற்காக உலகம் முழுவதும் அப்படி வைத்திருக்கிறார்கள். ரிப்போர்ட்டில் 'ஓ' என்று எழுதியிருந்தால், எழுதியவர் தகட்டைச் சரியாகப் பார்க்கவில்லை என்று அங்கேயே தெரிந்துவிடும். மாருதி கார்களின் எண் பெரும்பாலும் எம்.ஏ.3 என்று தொடங்கும். பென்சிலால் தேய்த்து எடுத்த அச்சு ஒட்டியிருந்தால் இன்னும் நல்லது. தேய்த்து எடுக்கும்போது எண்ணைச் சுற்றி அரம் போட்ட தடம் இருந்தால் கைக்கே தெரியும். போட்டோவில் அது தெரியாது. பழைய பழக்கம் என்று இளைஞர்கள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

தேதி, நேரம், இடம் மூன்றும் இல்லாத ரிப்போர்ட்டைப் படிக்கவே வேண்டாம். விலை என்பது அந்த நாளுக்கு, அந்த ஊருக்குச் சொல்வது. டில்லி வட்டாரத்தில் பத்து வயதான டீசல் கார்கள் ஓடக்கூடாது என்ற பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவை 2018-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தபோது, அங்கே விலை சரிந்த வண்டிகள் மற்ற மாநிலங்களில் வேறு விலைக்குப் போயின. அதே வண்டிதான், ஊர்தான் வேறு.

விலை எப்படி வந்தது என்ற கணக்கு அடுத்தது. பலர் பாலிசியில் உள்ள ஐ.டி.வி. தொகையைக் காட்டி, "இன்ஷூரன்ஸே இவ்வளவு மதிப்புப் போட்டிருக்கிறதே" என்பார்கள். அது சந்தை விலை அல்ல. புது வண்டியின் பட்டியல் விலையிலிருந்து வயதுக்கு ஏற்பக் கழித்து வருவது. ஆறு மாதம் வரை 5 சதவீதம், ஒரு வருடம் வரை 15, இரண்டு வருடம் வரை 20, மூன்று வரை 30, நான்கு வரை 40, ஐந்து வரை 50 என்பது 2002-ஆம் ஆண்டு டாரிஃப் முதல் நடைமுறையில் இருந்துவரும் அட்டவணை. எட்டு லட்ச ரூபாய் காருக்கு இரண்டரை வயது என்றால் 5,60,000 வரும். அதை வெள்ளத்தில் ஊறவைத்து எடுத்தாலும் அட்டவணை அதே 5,60,000-ஐத்தான் காட்டும். அட்டவணைக்குக் கண் இல்லை. ஐந்து வயதுக்கு மேல் அட்டவணையும் இல்லை. இரு தரப்பும் பேசி வைத்துக்கொள்வதுதான்.

விபத்து ரிப்போர்ட்டிலும் இதே கதைதான். ஒரு உதாரணம் சொல்கிறேன். நாலரை வயது கார் முன்பக்கம் இடித்துவிட்டது. பம்பர் 8,000, பானெட் 12,000, முன் கண்ணாடி 6,000, பெயின்ட் வேலை 16,000, ஆக 42,000 ரூபாய் பில். வண்டிக்காரர் 42,000-ஐ எதிர்பார்க்கிறார். சாதாரணப் பாலிசியில் பிளாஸ்டிக்குக்குப் பாதி கழிவு: 4,000. இந்த வயது இரும்புப் பாகத்துக்கு 35 சதவீதம் கழிவு: 7,800. கண்ணாடிக்குக் கழிவில்லை: 6,000. பெயின்ட் பில்லில் கால் பங்கைப் பொருளின் விலையாக வைத்து, அதில் பாதியைக் கழிக்க வேண்டும்: 14,000. கூட்டினால் 31,800. கட்டாயமாக நாம் ஏற்க வேண்டிய தொகை சிறிய காருக்கு 1,000. கையில் வருவது 30,800. இந்த வரிகளை அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டால் வண்டிக்காரர் வீட்டில் உட்கார்ந்து தானே கூட்டிப் பார்த்துக்கொள்வார். 'நியாயமாக மதிப்பிடப்பட்ட தொகை 30,800' என்று மொட்டையாக எழுதினால், தொகை சரியாகவே இருந்தாலும் மனிதன் சந்தேகப்படுவான். சந்தேகப்பட வேண்டும் என்பேன். கழிவில்லாப் பாலிசி எடுத்தவர்களுக்கு இந்தக் கணக்கு மாறும். கூடுதல் பிரீமியம் அதற்குத்தான்.

கூலி யார் கொடுத்தது என்றும் பாருங்கள். விற்பவர் ஏற்பாடு செய்த ரிப்போர்ட் எல்லாம் பொய் என்று சொல்லமாட்டேன். வியாபாரம் முடிந்தால்தான் கூலி என்ற ஏற்பாட்டில் எழுதிய ரிப்போர்ட்டை மட்டும் கையாலும் தொடாதீர்கள். சர்வேயர்களுக்கான விதிகளிலேயே, அந்த வண்டியில் தனக்கோ தன் உறவினருக்கோ தொழில் பங்காளிக்கோ அக்கறை இருந்தால் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும் என்று இருக்கிறது. நம்மவர், தெரிந்தவர் என்ற உறவுக்கு விதியில் பெயர் இல்லை. ஆனால் நம்மவர் என்பதால்தான் நான் அன்று இருட்டோடு இருட்டாகப் பார்த்துக் கொடுத்தேன். முன்பின் தெரியாதவர் என்றால், "நாளைக் காலையில் வருகிறேன்" என்று சொல்லியிருப்பேன்.

சர்வேயர் எழுதியது வேதவாக்கு என்றும் நினைக்க வேண்டாம். ஒரு லாரி நஷ்ட ஈட்டு வழக்கில் 2009-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: சர்வேயரின் அறிக்கை நஷ்ட ஈட்டுக்கு அடிப்படையாகலாம், ஆனால் அதுவே முடிந்த முடிவு ஆகாது. அதே ஆண்டில் இன்னொரு வழக்கில், தனக்குப் பிடித்த அறிக்கை வரும்வரை இன்ஷூரன்ஸ் கம்பெனி சர்வேயர் மாற்றிச் சர்வேயர் போட்டுக்கொண்டே போகக் கூடாது, அடுத்தவரைப் போடுவதற்குக் காரணம் வேண்டும் என்றும் சொன்னது. உங்கள் வண்டிக்கு இரண்டாவது சர்வேயர் வந்தால், ஏன் என்று எழுத்தில் கேளுங்கள்.

பாலிசியைப் பற்றி இன்னொரு சிறு தந்திரம். விற்பவர், "வண்டி ஒரு விபத்தும் பார்க்கவில்லை" என்பார். அவருடைய பாலிசியில் 'நோ கிளெய்ம் போனஸ்' எவ்வளவு என்று பாருங்கள். கிளெய்ம் இல்லாத வருடங்களுக்கு 20, 25, 35, 45, 50 என்று படிப்படியாக ஏறும். அவரே முதலிலிருந்து வைத்திருக்கும் ஆறு வயதுக் கார், போனஸ் மட்டும் 20 என்றால், நடுவில் ஏதோ நடந்திருக்கிறது. பாலிசியை இடையில் காலாவதியாக விட்டிருக்கவும் கூடும். அந்தப் போனஸ் மனிதருக்கு உரியது, வண்டிக்கு அல்ல. ஆகவே இதை வைத்தே தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். ஆனால் கேள்வி கேட்க நல்ல நூல்முனை.

இவ்வளவு சொல்லிவிட்டு முக்கியமானதை விட்டுவிடக் கூடாது. நான் ஒரு ரிப்போர்ட்டைக் கையில் எடுத்ததும் முதலில் தேடுவது, 'பார்க்கப்படாதவை' என்ற பகுதியைத்தான். எஞ்சின் பிரிக்கப்படவில்லை, வண்டி லிஃப்டில் ஏற்றப்படவில்லை, மழையால் சாலையில் ஓட்டிப் பார்க்கவில்லை என்று எழுதியிருக்கும். வாங்குபவருக்கு இது பிடிக்காது; குறை மாதிரித் தெரியும். எனக்கு, எழுதியவர் மேல் நம்பிக்கை வருவது அங்கேதான். எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன் என்று சொல்லும் ரிப்போர்ட் 300 ரூபாய்க்கும் கிடைக்கும், 3,000 ரூபாய்க்கும் கிடைக்கும். அன்று நான் 'மாலை 6.30, வெளிச்சம் போதாது, கார்ப்பெட் தூக்கப்படவில்லை' என்று ஒரு வரி சேர்த்திருந்தால், நிதி நிறுவனம் ரிப்போர்ட்டைத் திருப்பி அனுப்பியிருக்கும். அண்ணாச்சி மனைவியின் சங்கிலி கழுத்திலேயே இருந்திருக்கும்.

2015 டிசம்பரில் சென்னை மூழ்கியதற்குப் பிறகு, "ஊரில் கார் மலிவாகக் கிடைக்கிறதாம்" என்று நம்மில் சிலர் கிளம்பியதும், அவர்களில் இரண்டு பேர் வீட்டுக்குப் போய் நான் சீட் பெல்ட்டை இழுத்துக் காட்டியதும் தனிக் கதை. அதை இங்கே சொல்லப்போவதில்லை. இருவரும் நம் உறுப்பினர்கள்.

அண்ணாச்சி இப்போது ஊரோடு போய்விட்டார். அன்று என் ரிப்போர்ட்டை அவருக்கு வாசித்துக் காட்டிய பையன் ஐரோலியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். போன மாதம் ஒரு கார் பார்த்திருப்பதாகச் சொல்லி, 200 இடங்களைச் சோதித்த ரிப்போர்ட் ஒன்றை அனுப்பியிருந்தான். படங்கள் தெளிவாக இருந்தன. எங்கள் காலத்தில் இத்தனை படம் எடுக்க நாதியில்லை. ஆனால் தரை விரிப்பின் கீழே எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. நேரில் போகும்போது டார்ச் எடுத்துப் போகச் சொன்னேன்.

சனிக்கிழமை மதியம் அங்கிருந்தே போன் செய்தான். "மாமா, பெல்ட்டெல்லாம் சுத்தமா இருக்கு. கார்ப்பெட்டை மட்டும் தூக்க விடமாட்டேங்கிறாங்க. பாலிசி இல்லையாம்."

"தூக்க விடவில்லை என்று எழுதிக்கொள். தேதி, நேரம் போட்டுக்கொள்" என்றேன்.

"எழுதிட்டேன் மாமா. அப்புறம்?"

"சாப்பிட்டாயா? இல்லையென்றால் வீட்டுக்கு வா. உன் அத்தை இன்றைக்கு வத்தக்குழம்பு வைத்திருக்கிறாள்."